ஹவுஸ் முறையும் புதிய மாணவர் வரவேற்பும்: புதுச்சேரியில் ஒரு பன்னாட்டுப் பள்ளிக்கு எப்படி அமைக்கலாம்?

கேள்வி: கடலூர் சாலை ஆசிரியை, புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் உள்ள ஒரு பன்னாட்டுப் பள்ளியில் பணியாற்றுகிறேன். பள்ளி தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகின்றன. மாணவர்கள் ஏறத்தாழ முந்நூறு பேர். வரும் கல்வியாண்டு முதல் நான்கு ஹவுஸ்களை, அதாவது எல்லா வகுப்பு மாணவர்களையும் கலந்து பிரிக்கும் நான்கு அணிகளை, தொடங்குவதென நிர்வாகம் முடிவு செய்து, திட்டத்தை எழுதித் தரும் பொறுப்பை என்னிடமும் வேறு இரு ஆசிரியர்களிடமும் கொடுத்திருக்கிறது.

எங்கள் மாணவர்கள் பல இடங்களிலிருந்து வந்தவர்கள். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றிப் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற சொல்தா குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், பாரீஸிலோ பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலோ பிறந்து இப்போது தாத்தா பாட்டி வீட்டோடு வந்து தங்கியவர்கள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் வேலை முடிந்து திரும்பிய கடலூர், நெய்வேலிப் பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐரோப்பிய, கொரியக் குழந்தைகள் சிலரும், புதுச்சேரியை விட்டு வெளியே போகாதவர்கள் பலரும் இருக்கிறார்கள். இவர்களில் கணிசமானோர் கல்வியாண்டின் நடுவில்தான் வந்து சேர்கிறார்கள். அதேபோல நடுவிலேயே விட்டுப் போகிறவர்களும் உண்டு.

நான் முன்பு பணியாற்றிய பள்ளிகளில் ஹவுஸ் என்பது விளையாட்டு விழாவோடு முடிந்துவிடும். நவம்பரில் வந்து சேர்ந்த ஒரு சிறுமிக்கு மஞ்சள் டி-ஷர்ட் ஒன்றைக் கொடுத்து ஷாமியானாவின் கீழ் உட்கார வைத்திருந்தார்கள். அவளுடைய ஹவுஸ் கேப்டன் யார் என்று கேட்டபோது அவளுக்குத் தெரியவில்லை, கேப்டனுக்கும் அவளைத் தெரியவில்லை. புதிதாக வரும் குழந்தை பள்ளிக்குள் நுழைவதற்கான வழியாகவே ஹவுஸ் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஹவுஸ்களுக்கு என்ன பெயர் வைப்பது, பிள்ளைகளை எப்படிப் பிரிப்பது, வரவேற்பில் நம் ஊர் வழக்கங்களில் எவற்றைச் சேர்க்கலாம், புள்ளிகளுக்கு எவ்வளவு இடம் தருவது என்பனவற்றில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஹவுஸ் பிரிப்பது முதல் மார்ச் பாஸ்ட் கொடி தைப்பது வரை எல்லாப் பள்ளிகளிலும் எங்கள் தலையில்தான் விழும் என்பதால், சிலவற்றை உறுதியாகவே சொல்ல முடியும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதை நிர்வாகத்துக்கு முதலில் எடுத்துச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் ஈட்டன், ஹாரோ போன்ற விடுதிப் பள்ளிகளில் ஹவுஸ் என்பது மாணவன் உண்டு உறங்கிய கட்டடம். ஹவுஸ் மாஸ்டர் என்பவர் அங்கேயே தங்கியிருந்து, பையனுக்குக் காய்ச்சல் என்றாலும் வீட்டு ஏக்கம் என்றாலும் அவனுக்குப் பொறுப்பாக இருந்தார். நம் நாட்டில் 1935-இல் தொடங்கப்பட்ட டேராடூனின் டூன் பள்ளியிலும் ஹைதராபாத், காஷ்மீர், ஜெய்ப்பூர், டாடா என்னும் ஹவுஸ்கள் இன்றும் மாணவர்கள் வசிக்கும் இடங்களாகவே இருக்கின்றன. பகல்நேரப் பள்ளிகள் இம்முறையை எடுத்துக்கொண்டபோது கட்டடத்தோடு அந்தப் பொறுப்பாளரும் விடுபட்டுப் போனார். நிறமும் கோப்பையும்தான் மிஞ்சின. நீங்கள் விரும்புவது நடக்க வேண்டுமானால் விடுபட்ட அந்த மனிதரை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

அதற்கு எழுபத்தைந்து பேர் கொண்ட ஒரு ஹவுஸ் மிகப் பெரியது. ஒவ்வொரு ஹவுஸையும் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, சின்ன வகுப்பு முதல் மேல்வகுப்பு வரை எல்லா வயதினரும் அதில் இருக்கும்படி செய்து, ஓர் ஆசிரியரை அக்குழுவுக்கு நிரந்தரமாகப் பொறுப்பாக்குங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே இடத்தில், இருபது நிமிடம் அவர்கள் கூடட்டும். பதினொன்றாம் வகுப்பு அண்ணன் ஒருவன் மூன்றாம் வகுப்புப் பையனின் பெயரை அறிந்திருந்து, தண்ணீர்க் குழாய் அருகே பார்க்கும்போது பெயர் சொல்லி அழைத்தால், அந்தப் பையனுக்கு அன்றைய நாள் வேறாக இருக்கும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பிரிக்கும்போது சேர்க்கை எண் வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டுவிடுவது பல பள்ளிகளின் வழக்கம். வேலை எளிது என்றாலும், ஓடக்கூடிய பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கம் போய்விட்டால் மூன்று ஆண்டுகளுக்கு ஒரே ஹவுஸ் கோப்பையை வாங்கும், மற்றவர்கள் மனம் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வகுப்பையும் தனித்தனியாக எடுத்து, ஆண் பெண், வீட்டு மொழி, விளையாட்டுத் திறன் ஆகியவற்றைப் பார்த்துப் பிரியுங்கள். உடன்பிறந்தவர்களை ஒரே ஹவுஸில் போடுங்கள். பெற்றோர் ஒரே பக்கம் உட்கார்ந்து கைதட்டலாம், அண்ணனுக்குச் சிறுத்துப்போன டி-ஷர்ட் தம்பிக்கு ஆகும். எல்லாக் குழுக்களிலும் ஓரிரு இடங்களைக் காலியாகவே விட்டுவையுங்கள். இல்லையென்றால் நடுவில் வருகிறவன் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே செருகப்படுவான்.

பேருந்து ஓட்டுநர், ஆயாம்மா, காவலாளி, உணவகப் பணியாளர் எல்லாரையும் ஹவுஸ்களில் சேருங்கள் என்பது என் வலியுறுத்தல். புதிய குழந்தை காலையில் பள்ளியைச் சேர்ந்தவராக முதலில் பார்ப்பது பேருந்தில் கைபிடித்து ஏற்றிவிடும் ஆயாம்மாவைத்தான்.

பெயர்களுக்குத் தலைவர்களை நாடாதீர்கள். நம் பக்கத்தில் ஒவ்வொரு தலைவரையும் ஏதோ ஒரு சமூகத்தார் தமக்கே உரியவராக்கிக்கொண்டுவிட்டார்கள். பள்ளிக்குள் அது வேண்டாம். ஆறுகளின் பெயர்களை வைக்கலாம்: சங்கராபரணி, தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு. நான்கும் உங்கள் பள்ளிக்கு வடக்கிலும் தெற்கிலும் கடலில் கலப்பவை. சங்கராபரணி செஞ்சிப் பக்கத்திலிருந்து வருகிறது. கெடிலமோ திருவதிகையைத் தொட்டுக்கொண்டு வந்து எங்கள் ஊரைத் திருப்பாதிரிப்புலியூர் என்றும் மஞ்சக்குப்பம் என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த குழந்தையும் உள்ளூர்க் குழந்தையும் பேருந்தில் போகும்போது பாலத்தின் மேலிருந்து தம் ஹவுஸைப் பார்க்கலாம்.

பதில் 2: முன்னாள் மாணவி, லாஸ்பேட்டை

டீச்சருக்கு வணக்கம். அப்பாவின் வேலை மாற்றங்களால் பள்ளிப் பருவத்தைப் பல நாடுகளில் கழித்தவள் நான். கடைசி ஆண்டுகளை ஒரு மலைப்பகுதி விடுதிப் பள்ளியில் முடித்தேன். ஐயா சொன்ன சிறு குழு யோசனையை முழு மனதோடு வழிமொழிகிறேன். உடன்பிறந்தவர்களைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பள்ளி மாறும்போதெல்லாம் அக்காவின் நிழலில் நின்றே பழகிய தங்கைக்குத் தனக்கென ஓர் இடம் தேவைப்படலாம். முடிவைக் குடும்பத்திடம், முடிந்தால் அந்தக் குழந்தையிடமே, கேட்டு எடுங்கள்.

என்னைப் போல நாடு மாறி மாறி வளரும் பிள்ளைகளை மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள் என்று முதலில் அழைத்தவர் ரூத் ஹில் யூசிம் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர். 1950-களில் அவரும் கணவரும் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்தபோது உருவான கருத்து அது. பெற்றோரின் நாடும் முழுதாகத் தம்முடையதல்ல, வாழும் நாடும் தம்முடையதல்ல என்ற நிலையில், தம்மைப் போலவே இடம் மாறி வந்தவர்களிடம் இவர்கள் எளிதில் ஒட்டிக்கொள்கிறார்கள். வளைகுடாவிலிருந்து நெய்வேலிக்குத் திரும்பிய பிள்ளையும் இந்த வகையில் அடங்கும் என்பதை ஆசிரியர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கொரியக் குழந்தைக்கு எல்லாரும் உதவிக்கு ஓடுவார்கள். தமிழ் முகமும் தமிழ்ப் பெயரும் கொண்டு, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் வந்து நிற்கும் பிள்ளையை யாரும் புதியவனாக நினைக்க மாட்டார்கள். உங்கள் திட்டத்தில் அவனுக்குத் தெளிவான இடம் இருக்க வேண்டும்.

முதல் நாளில் மிகவும் கடினமான நேரம் மதிய உணவு வேளை. வகுப்பில் இருக்கை காட்டிவிடுவார்கள். உணவுக் கூடத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் அந்தச் சில நொடிகளைப் பல ஆண்டுகள் கழித்தும் பிள்ளைகள் மறப்பதில்லை. எனவே புதியவருக்குத் துணையாக அமர்த்தப்படும் மாணவரின் முதல் கடமை பள்ளியைச் சுற்றிக் காட்டுவதாக இருக்க வேண்டியதில்லை. மணி அடித்ததும் வகுப்பு வாசலில் வந்து நின்று, தன்னோடு அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார வைப்பதாக இருக்கட்டும். துணைக்கு இருவரை அமர்த்துங்கள்: ஒருவர் அதே வகுப்பைச் சேர்ந்தவர், மற்றவர் அதே ஹவுஸில் சற்று மூத்தவர். ஒருவர் விடுப்பு எடுத்தாலும் குழந்தை தனித்து விடப்படாது. வீட்டு மொழி பேசும் ஒருவரை மட்டும் துணையாகப் போட்டால், ஆண்டு முழுவதும் அவர்கள் இருவருமே தனித்தீவாகிவிடுவதும் உண்டு.

குழந்தை வருவதற்கு முன்பே அந்தச் சிறு குழு கையால் எழுதிய ஒரு கடிதத்தை அனுப்பினால் நல்லது. கழிப்பறை எங்கே இருக்கிறது, ஆசிரியர்களை இங்கே எப்படி அழைப்பார்கள், எந்தக் கிழமையில் விளையாட்டு உடை, உணவகத்தில் எது காரம் என்பனவற்றை அதில் எழுதலாம். பெயரை எப்படி உச்சரிப்பது என்பதை வீட்டாரிடம் முன்னரே கேட்டு, முதல் நாளில் எல்லாரும் சரியாகச் சொல்லிவிடுங்கள்.

விடைபெறுவதையும் திட்டத்தில் எழுதுங்கள். டேவிட் பொல்லாக் என்பவர் இடம் மாறும் குடும்பங்களுக்கு நான்கு செயல்களைப் பரிந்துரைத்தார்: மனத்தாங்கல்களைத் தீர்த்துக்கொள்வது, நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்வது, மனிதர்களிடமும் இடங்களிடமும் முறையாக விடைபெறுவது, போகும் இடத்தைப் பற்றிச் சிந்திப்பது. நண்பன் ஒருவன் திங்கட்கிழமை திடீரென்று இல்லாமல் போவதைப் பலமுறை கண்ட பிள்ளைகள், அடுத்துப் புதிதாக வருபவனோடு பழகவே தயங்குவார்கள். வழியனுப்புவது சரியாக நடக்காத பள்ளியில் வரவேற்பும் நாளடைவில் நலிந்துவிடும்.

பதில் 3: ஒரு தந்தை, முத்தியால்பேட்டை

வணக்கம். என் பிள்ளைகள் முதலில் பிரெஞ்சு முறைப் பள்ளியில் படித்துவிட்டு, பின்னர் ஒரு பன்னாட்டுப் பள்ளிக்கு மாறினார்கள். பிரெஞ்சுப் பள்ளிகளில் பொதுவாக ஹவுஸ் கிடையாது. வகுப்புதான் அடிப்படை, அங்கே மாணவர்கள் தம் பிரதிநிதிகளைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1826-இலிருந்து பிரெஞ்சுப் பள்ளி இருக்கும் ஊர் இது என்பதால், உங்கள் பெற்றோரில் பலர் இந்த முறையை முதன்முறையாகப் பார்ப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு கூட்டம் வையுங்கள்.

என் அச்சத்தையும் பதிவு செய்கிறேன். ஹென்றி தாஜ்ஃபெல் என்னும் உளவியலாளர் 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளி மாணவர்களை மிக அற்பமான காரணங்களைச் சொல்லிப் பிரித்தார்: திரையில் தெரிந்த புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூடுதலாக மதிப்பிட்டவர்கள், குறைவாக மதிப்பிட்டவர்கள் என்பது ஒரு பிரிவு. தம் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத அந்தப் பையன்கள், பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவுக்கே சாதகமாகப் பங்கிட்டார்கள். எதிர்க்குழுவைவிட முந்தியிருப்பதற்காகத் தம் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைவதையும் ஏற்றார்கள். ஒரு நிறமும் ஒரு பெயரும் கொடுத்தாலே பிள்ளைகளிடம் பிரிவு உண்டாகிவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஹவுஸைத் தொடங்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டுச் சூழலில் இது இன்னும் கூர்மையானது. நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பின் 2023-இல் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்று 2024 ஜூன் மாதம் பரிந்துரைத்தது. கையில் நிறம் கட்டுவதற்கு நம் ஊரில் இருக்கும் பொருளை வெளிநாட்டு ஆலோசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஹவுஸ் நிறம் விளையாட்டு நாளின் டி-ஷர்ட்டோடு நிற்கட்டும். மணிக்கட்டுப் பட்டை, கயிறு, ரிப்பன் எதுவும் கூடவே கூடாது.

நிறம் என்றாலே போட்டி என்றும் இல்லை. 1943 டிசம்பர் 2-இல் அன்னையால் தொடங்கப்பட்ட நம் ஊர் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமப் பள்ளி, உடற்பயிற்சிக்காகப் பிள்ளைகளை வயதுவாரியாகக் குழுக்களாக்கிக் குழுவுக்கு ஒரு நிறச் சீருடை வைத்திருக்கிறது. பிள்ளை வளர வளர நிறம் மாறும். ஆண்டுதோறும் டிசம்பர் 2 அன்று விளையாட்டுத் திடலில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து ஒரே உடற்பயிற்சி நிகழ்ச்சியைத் தருகின்றன.

முஸாஃபர் ஷெரிஃப் என்னும் சமூக உளவியலாளர் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடத்திய முகாமையும் திட்டக் குழுவில் பேசுங்கள். இருபத்திரண்டு சிறுவர்களை இரு அணிகளாக்கிப் போட்டிகள் வைத்தபோது, கொடியை எரிப்பது வரை பகை வளர்ந்தது. ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டதாலோ படம் காட்டியதாலோ அது தணியவில்லை. தண்ணீர் வரத்து நின்றபோதும், உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றபோதும், இரு அணியும் சேர்ந்தால்தான் முடியும் என்ற நிலை வந்தது. கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த அதே வடத்தை லாரியில் கட்டி எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். நான்கு ஹவுஸும் சேர்ந்தாலொழிய முடியாத ஒரு வேலையை ஒவ்வொரு பருவத்திலும் வையுங்கள். கடற்கரைத் துப்புரவு போன்ற பெயரளவு வேலை போதாது. பள்ளிக்கு உண்மையில் தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கடலூர் சாலை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கயிறு, பட்டை வேண்டாம் என்பதையும் காலி இடங்கள் விட்டுவைப்பதையும் இன்றே திட்டத்தில் எழுதிவிட்டேன். வரவேற்பு நிகழ்ச்சியைப் பற்றி யாரேனும் சொல்லுங்கள். காலை வணக்கக் கூட்டத்தில் மேடையேற்றி, ஆரத்தி எடுத்து, பொட்டு வைத்து, புதிய மாணவரை ஒரு பாட்டுப் பாடச் சொல்லலாம் என்று ஓர் ஆசிரியர் கருதுகிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வரவேற்பவர்களுக்குப் புள்ளி தரலாமா என்ற கேள்வியும் தீரவில்லை.

பதில் 4: தமிழாசிரியர், சிதம்பரம்

அம்மா, உங்கள் தயக்கம் நியாயமானது. நான் சிதம்பரத்துக்காரன். 1996-இல் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு எங்கள் ஊர் விடுதியில் ராகிங் கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டதும், 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் எங்கள் தலைமுறையின் மனத்தை விட்டு நீங்காதவை. பழையவர்கள் பார்க்க, புதியவர் மட்டும் ஏதேனும் செய்து காட்ட வேண்டும் என்ற ஏற்பாடு எவ்வளவு அன்போடு தொடங்கினாலும் அதில் ஆபத்து இருக்கிறது. பாடு, ஆடு, உன் மொழியில் பேசிக் காட்டு என்பதெல்லாம் வேண்டாம். வரவேற்பு என்றால் செய்ய வேண்டியவர்கள் வீட்டுக்காரர்கள்தாம். விருந்தாளிக்கு வேலை கிடையாது.

நம் வழக்கங்களில் பன்னீர் தெளிப்பதும் கற்கண்டு தருவதும் உங்களுக்கு ஏற்றவை. இந்தப் பகுதியில் இந்துக்களின் திருமண மண்டப வாசலிலும் இஸ்லாமியர், கிறித்தவர் வீட்டு விசேஷங்களிலும் பன்னீர்ச் செம்பைக் காணலாம் என்பதால், எந்தக் குடும்பத்துக்கும் அது அந்நியமாக இராது. சந்தனத்தைத் தட்டில் வையுங்கள்; விரும்புகிறவர் தாமே எடுத்துக்கொள்ளட்டும், யார் நெற்றியிலும் யாரும் தொட்டு வைக்க வேண்டாம். ஆரத்தியை விட்டுவிடலாம். வாசலில் அந்தச் சிறு குழு காலையிலேயே வந்து கோலம் போடட்டும், பையன்களும் சேர்ந்து. இவையெல்லாம் குழு கூடும் இடத்திலேயே, பத்து நிமிடத்தில் முடியட்டும், மேடை வேண்டாம்.

ஒவ்வொரு ஹவுஸுக்கும் கெட்டி அட்டை போட்ட ஒரு பதிவேடு வைத்து, புதியவர் தம் பெயரைத் தமக்குப் பழகிய எழுத்தில் எழுதினால் நன்றாக இருக்கும். கொரிய எழுத்தும் அரபி எழுத்தும் தமிழும் ஒரே பக்கத்தில் அமையும். பள்ளியை விட்டுப் போகும்போது அதே வரியின் எதிரே போகும் ஊரையும் நாளையும் அவரே எழுதலாம். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண்ணை இளைஞர்கள் கொண்டுவந்து ஒரே தாழியில் இட்டதைப் போல, ஆளுக்கொரு பொருளைத் தாய்நாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அது ஒரு நகரத்தின் தொடக்கத்துக்குப் பொருந்தியது; ரெயூனியனில் பிறந்து, பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு, அரியாங்குப்பத்தில் பாட்டி வீட்டில் வளரும் குழந்தையிடம் உன் நாடு எது என்று கேட்டு ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்வது முறையாகாது.

பதில் 5: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

புள்ளியைப் பற்றி: வரவேற்புக்குப் புள்ளி தரவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். புள்ளி வந்துவிட்டால், பலகையில் ஏறும் வரை பையன் புதியவனைக் கூட்டிக்கொண்டு அலைவான், ஏறிய மறுநாள் விட்டுவிடுவான். போட்டிக்கும் வினாடிவினாவுக்கும் புள்ளி கொடுங்கள். கேப்டனைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும், குழுப் பொறுப்பாசிரியர்களைக் கூட்டி, யார் சின்னப் பிள்ளைகளின் பெயர்களை அறிந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நூறு மீட்டரில் முதலில் வந்தவனைக் கேப்டனாக்கும் வழக்கத்தை எங்கள் தலைமுறையிலேயே விட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, நடுவில் வருபவர்களுக்கு மிக முக்கியமானது. பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரியில் சேரும் பிள்ளைக்கு, அடுத்த வாரம் விளையாட்டு விழா என்றால், எல்லாப் போட்டிகளுக்கும் பெயர்ப் பட்டியல் முடிந்திருக்கும். தகுதிச் சுற்று இல்லாத, எல்லா வயதினரும் கலந்து ஓடும் ஒரு ஹவுஸ் தொடர் ஓட்டத்தைக் கடைசி நிகழ்ச்சியாக வையுங்கள். ஒவ்வொரு ஹவுஸும் அந்த ஆண்டில் புதிதாக வந்தவர்கள் அனைவரையும் அதில் ஓட வைத்தே ஆக வேண்டும் என்பது விதி. புதியவர் ஒரு ஹவுஸில் மூவர், இன்னொன்றில் அறுவர் என்றால், குறைவாக உள்ள ஹவுஸ் பழையவர்களைச் சேர்த்து எண்ணிக்கையைச் சமன் செய்யட்டும். பட்டியலை விழா நாள் காலை எட்டு மணி வரை திறந்து வையுங்கள். பேட்டனைக் கைமாற்றப் பழக்க ஓடிப் பழகிய ஒரு மாணவரும் இரண்டு மாலை நேரங்களும் போதும். அந்தப் பயிற்சியில் சேர்ந்து ஓடிய பிள்ளைகள் விழாவன்று ஷாமியானாவில் தனியாக உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. ஓட்டத்தின் விதிகளை முழுதாக எழுதி இங்கேயே இடுகிறேன். உங்கள் திடலின் அளவைச் சொன்னால் தூரத்தையும் கணக்கிட்டுத் தருகிறேன்.